வானும் வழியும் கையில் ஒரு வரைபடமும்

வெளிநாடுகளில் 'கம்பர்வான்' எனப்படும் வாகனங்களில் குடும்பமாக ஊர் சுற்றுவோர் பலர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அந்த வாகனத்துக்குள்ளேயே இருக்கும். இன்று அவர்களுக்குப் பெருந்துணையாக இருப்பவை கைத்தொலைபேசிச் செயலிகள். அவுஸ்திரேலியாவில் விக்கிகாம்ப்ஸ், நியூசிலாந்தில் கம்பர்மேற், ஐரோப்பாவில் பார்க்ஃபோர்நைற் என்பன அத்தகையவை. இரவில் வாகனத்தை எங்கே நிறுத்தலாம், குடிநீர் எங்கே கிடைக்கும், மலசலகூடம் எங்கே உள்ளது என்பவற்றை இவை வரைபடத்தில் காட்டுகின்றன. அவுஸ்திரேலிய அரசாங்கம் பொது மலசலகூடங்களுக்கென்றே ஒரு தேசிய வரைபடத்தை வைத்திருக்கிறது.

இச்செயலிகளில் உள்ள தகவல்களிற் பெரும்பகுதியைச் சேர்ப்பவர்கள் பயணிகளே. முன்னே போனவர்கள், பின்னே வருபவர்களுக்காகக் குறித்து வைக்கிறார்கள்.

எமக்குக் கம்பர்வான் இல்லை. ஆனால் எமது மாதர் சங்கங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாடகை வான் பிடித்துப் போகும் பயணமும் ஏறக்குறைய அப்படியானதுதான். பாய், புட்டுப் பார்சல், தண்ணீர்க் கான், மருந்துப் பை, பிள்ளைகளின் மாற்றுடுப்பு என்று அந்த வானும் இரண்டு நாட்களுக்கு ஒரு வீடாகிவிடுகிறது. அண்மையில் பளைப் பக்கத்து மாதர் சங்கமொன்றைச் சேர்ந்த 13 பெண்களுடன் கண்டிவரை சென்றுவந்தேன். அப்பயணத்தில் கைத்தொலைபேசி எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்பதை வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நீலப் பொட்டு

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதி ஏறக்குறைய 320 கிலோமீற்றர் நீளமானது. எமது தலைமுறைக்கு அது வெறும் வீதியல்ல. 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009 இன் பின்னரே மறுபடி திறக்கப்பட்ட பாதை அது. ஓமந்தையில் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதை மறந்தவர்கள் எம்மில் எவருமில்லை. அந்தச் சோதனைச்சாவடி 2015 இல்தான் அகற்றப்பட்டது.

புறப்படுவதற்கு முதல்நாள், சங்கத்தின் செயலாளரான தங்கச்சி தனது தொலைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, நாம் போகும் வழி முழுவதையும் தரவிறக்கி வைத்தார். செயலியின் மேல்மூலையில் உள்ள எமது படத்தை அழுத்தினால் 'ஆஃப்லைன் வரைபடங்கள்' என்றொரு பகுதி வரும். தேவையான இடத்தைச் சதுரமாகத் தெரிவுசெய்து இறக்கிக்கொள்ளலாம். காட்டுப் பகுதிகளில் சிக்னல் இல்லாதபோதும், டேற்றா முடிந்தபோதும் இந்த வரைபடம் வேலைசெய்யும். ஏனெனில் நாம் நிற்கும் இடத்தைத் தொலைபேசி செய்மதிகளிடமிருந்து அறிகிறது. அதற்குப் பணம் செலவாகாது. ஓர்கனிக் மப்ஸ் என்ற இலவசச் செயலியில் முழு இலங்கையையும் இவ்வாறு இறக்கிக்கொள்ளலாம். அதில் விளம்பரங்களும் இல்லை.

ஆனையிறவைக் கடக்கும்போது, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த அம்மா ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இந்த நீலப் பொட்டு என்ன?"

"அது நாங்கள்தான் அம்மா. எங்கட வான்."

"அப்ப நாங்கள் எங்க நிக்கிறமெண்டு எங்களுக்கே தெரியும்?"

"ஓம் அம்மா."

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு அவர் சொன்னார்: "அண்டைக்குச் சனத்துக்குப் பின்னால போனம். எந்தப் பக்கம் போறமெண்டே தெரியாது." அதன்பின் மாங்குளம் வரை அந்தத் தொலைபேசி அவருடைய மடியில்தான் இருந்தது. ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார்.

தண்ணீர் குடிக்காத பயணம்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லா வாகனங்களையும் போல எமது வானும் நின்றது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். அங்கே கச்சான் விற்பவர்களிற் பலர் பெண்கள். அதிகாலையிலிருந்து வீதியோரத்தில் இருக்கும் அவர்களுக்கும் பயணத்தில் உள்ள எமக்கும் பொதுவான சிரமம் ஒன்று உண்டு. அது மலசலகூடம்.

பயணம் என்றால் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! கேட்டால், "வழியில எங்க போறது?" என்பார்கள். நீண்ட நேரம் சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காதிருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மேலும் ஆபத்தானது. மாதவிடாய் நாட்களில் வரும் பெண்பிள்ளைகளோ வாய்திறந்து சொல்வதேயில்லை. வான் எங்கே நிற்பது என்பதைப் பெரும்பாலும் சாரதியே தீர்மானிக்கிறார். அவர் நிறுத்தும் உணவகத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருமா என்பது இறங்கிய பின்னர்தான் தெரியும்.

இம்முறை நாம் வேறுவிதமாகச் செய்தோம். வரைபடத்தில் எரிபொருள் நிரப்பு நிலையங்களையும் உணவகங்களையும் தேடி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிற்கக்கூடிய இடங்களை முன்கூட்டியே தெரிவுசெய்து, சாரதித் தம்பியிடம் சொல்லிவைத்தோம். அவரும் மறுக்கவில்லை. "அக்காக்கள் முதலே சொன்னா எனக்கும் சுகம்தானே" என்றார். நின்ற ஒவ்வோர் இடத்திலும் செயலாளர் தங்கச்சி கூகுள் வரைபடத்தில் அந்த இடத்தைச் சேமித்து, அருகில் ஒரு குறிப்பு எழுதினார்: 'தாழ்ப்பாள் உண்டு', 'தண்ணீர் இல்லை', 'வாளி வேண்டும்', 'வெளிச்சம் போதாது', 'வயதானவர்களுக்குப் படி உயரம்'. இந்தச் சேமிப்புப் பட்டியலை ஓர் இணைப்பாக மற்றவர்களுக்கும் அனுப்பலாம்.

வவுனியா தாண்டும்போது, காலையில் ஒரு மிடறுடன் நிறுத்தியிருந்த அம்மா தண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கிக் குடித்தார். என்னைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தின் பெரிய பயன் அதுவே.

மொழி மாறும் இடம்

மதவாச்சிக்குப் பின் மிகிந்தலை, மரதன்கடவல, கெக்கிராவ, தம்புள்ள என்று வழி நீள்கிறது. சிங்களம் தெரியாதவர்கள் இங்கே சற்று ஒடுங்கிவிடுகிறார்கள். மருந்துக் கடையில் எதையாவது கேட்பதற்குக்கூட இன்னொருவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழும் சிங்களமும் உள்ளன. டேற்றா இருக்கும்போது தமிழில் பேசினால் சிங்களத்தில் எழுதிக்காட்டும். நீளமாகப் பேசினால் பிழைக்கும். சிறு வசனங்களாகப் பேச வேண்டும். "தலைசுற்றுக்கு மருந்து வேண்டும்", "மலசலகூடம் எங்கே?" என்ற அளவு போதும். எமது குழுவில் ஒருவர் தம்புள்ளையில் தொலைபேசித் திரையைக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டினார். அந்தப் பெண் வாசித்துவிட்டுச் சிரித்து, கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று இடத்தைக் காட்டினார். திரும்பிவரும்போது இருவரும் பிள்ளைகளின் வயதை விரல்விட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் செயலி தேவைப்படவில்லை.

நாலந்தா, மாத்தளை, அக்குறணை கடந்து கண்டியை அடைந்து, முன்கூட்டியே பேசி ஒழுங்குசெய்த மண்டபத்தில் தங்கினோம். மறுநாள் பேராதனைப் பூங்கா. மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்தோடும் அந்தப் புல்வெளியில், நீண்ட காலத்துக்குப் பின் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

செயலிக்குத் தெரியாதவை

எம்முடன் வந்தவர்களில் இருவர் கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ளவர்கள். வடக்கில் இப்பணியில் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர்; குடும்பத்தைத் தனியே தாங்குவோர் அவர்களுள் அதிகம். முகமாலையைப் பற்றி அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையை எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும்: "போன் குறுக்குப் பாதை காட்டும். ஆனா அதில மிதிவெடி இருக்கோ எண்டு போனுக்குத் தெரியாது." வடக்கில் வீதியை விட்டு இறங்கும்போது மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையையும், அவ்வூர் மக்களின் வார்த்தையையும் மட்டுமே நம்ப வேண்டும்.

யானையும் அப்படியே. உலர்வலயக் காட்டோர வீதிகளில் பொழுதுபட்ட பின் யானைகள் கடப்பதுண்டு. வரைபடம் நேரத்தைக் கணக்கிடும்போது இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகையால் இருட்டுமுன் ஊரொன்றை அடையும்படி புறப்படும் நேரத்தை வைத்துக்கொள்வது நல்லது.

மலைநாட்டில் மழை பெய்தால் மண்சரிவு அபாயம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் பல வீதிகள் மூடப்பட்டதை அறிவோம். மழைக்காலத்தில் புறப்படுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து வேளைக்கு

நோயாளி ஒருவருக்கு அம்புலன்ஸ் தேவைப்பட்டால் அழைக்க வேண்டிய இலக்கம் 1990. 'சுவசெரிய' எனப்படும் இச்சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. கட்டணமில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்போது வரைபடத்தின் நீலப் பொட்டையும் அருகிலுள்ள கிலோமீற்றர்க் கல்லையும் பார்த்துச் சொல்லுங்கள். பொலிசாருக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

வாட்ஸ்அப்பில் நாம் செல்லும் இடத்தை 15 நிமிடம், ஒரு மணி, 8 மணி நேரம் என அளவுவைத்து வீட்டாருக்குக் காட்டலாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். பெரிய குழுக்களில் போடவேண்டாம். கணவரோ வேறெவரோ உங்களைக் கண்காணிப்பதற்கு இதைக் கட்டாயப்படுத்தினால், அது பாதுகாப்பு அல்ல. அதுபற்றி உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருடன் பேசலாம். பயணப் படங்களை வீடு திரும்பிய பின் முகநூலில் இடுவதே நல்லது. வீடு பூட்டிக்கிடக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றரி இறங்கினால் செயலியும் இல்லை, வரைபடமும் இல்லை. பவர்பாங்க் ஒன்றும், முக்கிய தொலைபேசி இலக்கங்களையும் ஒவ்வொருவரும் எடுக்கும் மருந்துகளையும் எழுதிய கொப்பித்தாள் ஒன்றும் கைப்பையில் இருக்கட்டும். குழுவில் இரண்டு பேருடைய தொலைபேசியில் வரைபடம் இருப்பது நல்லது.

நாம் திரும்பி வந்தபோது செயலாளரின் பட்டியலில் 11 இடங்கள் சேர்ந்திருந்தன. அடுத்த மாதம் தம்புள்ளைக்குப் போகவிருந்த இன்னொரு மாதர் சங்கத்துக்கு அதை அனுப்பிவைத்தார். அவர்கள் போய்வந்து மேலும் 4 இடங்களைச் சேர்த்திருக்கிறார்கள். நாம் நல்லதென்று குறித்த ஓரிடத்தில் இப்போது தண்ணீர் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் சங்கமும் அடுத்த பயணத்தில் இப்படியொரு பட்டியலைத் தொடங்கலாம். ஒரு தொலைபேசியும், நின்ற இடத்தைக் குறித்துவைக்கும் ஒரு பெண்ணும் இருந்தாற் போதும்.