ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

'லிப்ரே ஆஃபிஸில் திறந்தேன், எழுத்தெல்லாம் கெட்டுவிட்டது' என்னும் முறையீட்டை ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துத் தமிழாசிரியர்களிடம் அடிக்கடி கேட்கிறோம். காசில்லாமல் கிடைத்த மென்பொருள். பழியும் அதன்மேல் எளிதில் விழுகிறது. அந்தப் பழி நியாயமன்று என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் துறையிலும் அப்படியொரு கோப்பு உண்டு. 2002-இல் மாணவர்கள் பூவிருந்தவல்லியைச் சுற்றிய சிற்றூர்களில் கேட்டுத் திரட்டிய நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும், ஏறத்தாழ நூறு பக்கம். பாடிய மூதாட்டியருள் பலர் இன்று இல்லை. அவர்கள் நாற்று நட்ட வயல்களில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. கையெழுத்துப் படிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தோடு போயின. மிஞ்சியது டி.டி.பி. கடையில் அடித்து வாங்கிய குறுந்தகடு ஒன்றே. அதைத் திறந்தால் பக்கம் பக்கமாய் ஆங்கில எழுத்துக் குப்பை.

உண்மையில் அந்தக் கோப்பில் தமிழ் இருந்ததே இல்லை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. போர்வை இல்லாத கணினியில் உள்ளிருப்பது வெளியே தெரிகிறது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுக் குறியாக்கங்களைப் பரிந்துரைத்த பிறகும் அச்சுக்கடைகள் கைப்பழக்கத்தை விடவில்லை. அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதே 2010 ஜூனில்தான்.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர், கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயரையும் மேற்பட்டையில் சாய்வெழுத்தில் காட்டும். நோயின் பெயர் அங்கேயே கிடைத்துவிடுகிறது. பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி ஒன்று போதும். ஆனால் முழுக்கோப்பையும் அப்படியே மாற்றியில் போடலாகாது. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ஒலிநாடா விவரமும் பாடியவரின் ஊரும் ஆங்கிலத்தில் அடிக்கப்பட்டிருந்தன. மாற்றிக்கு ஆங்கிலமும் பாமினியும் ஒன்றே. அவ்விவரங்களைப் பொருளற்ற தமிழாக்கிவிடும். பிறகு எந்தப் பாட்டு எந்தப் பாட்டியுடையது என்று யார் சொல்வது? எனவே தேடி மாற்றும் பெட்டியில் சொல் எதுவும் இடாமல், வடிவத்தில் ஆங்கில எழுத்துருவை மட்டும் குறித்துத் தேடினோம். அகப்பட்ட தலைப்புகளைத் தனியே எடுத்துவைத்து, அவ்விடங்களில் வரிசை எண் இட்டோம். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் மாற்றி அவற்றைத் தொடுவதில்லை.

மாற்றியபின் எழுத்தின் அளவு கூட மறுத்தது. இதுவும் பழுதன்று. ரைட்டர் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்புகளுள் சேர்த்திருக்கிறது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனி. பத்திப்பாணியில் தமிழுக்குரிய பகுதியில் மாற்றினால் ஒழுங்காகிவிடும். பிழைதிருத்தி மூதாட்டியரின் பேச்சு வழக்கு முழுவதற்கும் சிவப்புக் கோடிட்டது. அதை அணைத்துவிட்டோம், அந்தச் சொற்களுக்காகத்தானே இவ்வளவு பாடும்.

இன்னும் பதினொரு பக்கங்கள் மீதமிருக்கின்றன. கடைக்காரர் இடையில் வேறொரு எழுத்துருவுக்கு மாறியிருக்கிறார். கடையே சொந்தமாகப் பெயர் சூட்டிக்கொண்ட எழுத்துரு போலும், எந்த மாற்றியும் அதை அறியவில்லை. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுதி வருகிறோம். உயிர்மெய்களில் ஙகர வரிசை தவிர மற்றவை ஓரளவு பிடிபட்டுவிட்டன. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் அக்காலத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தவர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், பழைய எழுத்துருத் தட்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.