முதலாண்டு மாணவர்

மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பத்திலிருந்து தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவர், பெரும்பாலும் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் ஆளாகவே இருப்பார். 1837இல் சென்னை நகரில் சிறு பள்ளியாகத் தோன்றி, 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த கல்வி நிலையம் அது. வளாகமெங்கும் புதர்க்காடு, புள்ளிமான்கள் வழியிலேயே நிற்கும். அவற்றைக் கண்டு மகிழ்ந்த மாணவர், வகுப்பறையுள் நுழைந்ததும் வாயடைத்துப் போகிறார். பள்ளியில் சவ்வூடுபரவல் எனப் பயின்றது இங்கே ஆஸ்மாசிஸ் என ஒலிக்கிறது. விடை தெரிகிறது, நா எழவில்லை. இதனை அறிவுக்குறை எனக் கொள்வாரும் உளர். அது பிழை, மொழி மாறிய திகைப்பே அது.

இரவில் விடுதி அறையில் மூத்த மாணவர் ஒருவர் அதே பாடத்தைத் தமிழில் விளக்குகிறார். பேராசிரியரிடம் கேட்கத் தயங்கியதை அண்ணனிடம் கேட்கலாமன்றோ! சேலையூர் விடுதி முதலிய இல்லங்கள் செய்துவரும் பெரும்பணி இதுவே எனலாம்.

கல்லூரி நகரில் இருந்த காலத்தில், 1892இல் அங்கே பி.ஏ. பட்டம் பெற்றவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். ஆங்கிலத்திலும் தத்துவத்திலும் வல்ல அவர், அக்கல்லூரியிலேயே தமிழாசிரியரானார். பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்க முயன்றபோது எதிர்த்து நின்றவரும் அவரே. ஆங்கிலம் கற்பதற்குத் தமிழை விட வேண்டியதில்லை என்பதற்கு அவ்வளாகத்திற்கு வெளியே சான்று தேட வேண்டுவதில்லை.

வார இறுதியில் மாணவர் பேருந்தேறி ஊர் திரும்புகிறார். கருவாட்டிற்காக மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருக்கும் தாய், “இன்னாடா படிச்ச?” எனக் கேட்கிறார். மீனிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கிறது. மகன் அருகில் அமர்ந்து, அந்நீர் ஏன் வெளியேறுகிறது எனச் சொல்லத் தொடங்குகிறார்.