பூங்காவின் அருகே ஒரு கட்டடம்



கோலாலம்பூரில் குதிரைப் பந்தயத் திடல் இருந்த நிலத்தில் 50 ஏக்கர் பூங்காவையும் அதனையொட்டிய கோபுரங்களையும் அமைக்கத் திட்டமிட்டபொழுது, 1991-இல் அனைத்துலகக் கட்டட வடிவமைப்புப் போட்டி நடைபெற்றது. கட்டடம் மலேசிய அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்பது முக்கிய எதிர்பார்ப்பு. அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் பெல்லியின் வடிவம் வென்றது. இஸ்லாமியக் கலையின் எண்முனை விண்மீனை அடிப்படையாகக் கொண்டு, 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன.

இதனை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விளக்கி, "ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவின் அருகே ஒரு நூலகம் கட்டினால் எவ்வாறு அமைப்பீர்கள்?" என வினவினேன். பலர் கோபுரங்களையே வரைந்தனர். ஒரு மாணவி மட்டும் நீண்ட தாழ்வாரமுடைய லயத்து வீட்டை வரைந்திருந்தாள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி அனைவரும் அமர்ந்து படிக்கலாம் என்பது அவளது விளக்கம். அவளுடைய பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்து லயம் அது. இன்று அவ்விடம் செம்பனைக் காடு.

பெற்றோர்களே, நீங்கள் வாழ்ந்த லயத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் கூறுங்கள். நாட்டின் அடையாளம் யாதென வினவும் அடுத்த போட்டியில் நம் பிள்ளைகளின் விடையும் இடம்பெற வேண்டுமல்லவா?