ஏற்காடு சர்ச்சில் உறங்கும் ‘கற்கோடரி’ மனிதர்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரியில் படகு, லேடீஸ் சீட், பக்கோடா பாயின்ட், சூடாக மிளகாய் பஜ்ஜி, கிளம்பும்போது ஒரு பாக்கெட் காபித்தூள். பெரும்பாலான டூர்கள் இதோடு முடிந்துவிடும். ஊருக்குள்ளேயே இருக்கும் ஹோலி டிரினிட்டி சர்ச், அந்த லிஸ்ட்டில் வருவதே இல்லை. 19-ம் நூற்றாண்டில் எழுந்த மலையூர் சர்ச்; கடந்து போகிறவர்களுக்கு அது இன்னொரு பழைய கட்டடம், அவ்வளவுதான்.

ஆனால், இந்தியாவில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்ற கேள்வியையே மாற்றிப்போட்டவரின் சாம்பல் அங்கேதான் இருக்கிறது. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் பெயரைப் படித்திருப்பீர்கள். 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாறைகளையும் மண்ணையும் பார்த்து வரைபடம் போடுவதுதான் வேலை. அதற்கு அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் ஒரு பரபரப்பு. பழங்கால மனிதர்கள் செய்த கல் கருவிகள், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சேர்ந்து கிடைத்ததை அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது. ‘அங்கே இருந்தால் இங்கேயும் இருக்குமே’ என்று தேட ஆரம்பித்தார் ஃபூட்.

1863 மே 30. பல்லாவரத்தில், சரளை எடுக்கத் தோண்டிய ஒரு குழி. அதில் கைக்கு அடக்கமான ஒரு கல். தானாக உடைந்ததல்ல, யாரோ தட்டித் தட்டிக் கூர்மையாக்கியது. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கைக்கோடரி அதுதான். அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில், சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்து, அங்கு கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். தொடங்கிவைத்தது பல்லாவரத்துக் குழிதான்.

சரி, பல்லாவரத்துக்காரர் ஏற்காட்டுக்கு ஏன் வந்தார்?

அதற்கு அவருடைய மாமனாரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பள்ளிகளை வளர்த்த மிஷனரி. ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டிப் புத்தகமாகப் போட்டவர். 1855-ல் ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ் வார இதழையும் தொடங்கினார். ஆக, வார இதழ் படிக்கிற நமக்கெல்லாம் அவர் தூரத்துச் சொந்தம்! 1882-ல் அவர் காலமானது ஏற்காட்டில்தான். ஃபூட்டின் முதல் மனைவி எலிசபெத், இவருடைய மகள். 1870-ல் அவர் இறந்துவிட, ஃபூட் பின்னர் மறுமணம் செய்துகொண்டார்.

33 ஆண்டுகள் வேலை பார்த்து 1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஃபூட் சும்மா இருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக ஆய்வு செய்தார். ஏற்காட்டில் ‘ஐவி காட்டேஜ்’தான் வீடு. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவற்றைப் பற்றி அவர் எழுதிய விரிவான குறிப்புகள் புத்தகமாக வெளிவந்தது 1916-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

சேர்வராயன் மலையில் அவருக்கு இன்னொரு ஆச்சரியமும் கிடைத்தது. இங்கே கிடைப்பவை புதிய கற்காலக் கோடரிகள். பல்லாவரத்துக் கல்லைப் போல முரட்டுத்தனமாக இருக்காது. தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கியிருப்பார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் (இவர்கள் கேரளத்தவர் அல்ல, மலையை ஆள்பவர்கள்) காட்டிலும் வயலிலும் கிடைத்த இந்தக் கற்களை மரத்தடியிலும் பிள்ளையார் கோயிலிலும் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். சில ஊர்களில் இன்றும் அவை சாமியாகவே இருக்கின்றன.

விஞ்ஞானி வந்துதான் அந்தக் கல்லுக்கு மதிப்பு வந்தது என்று சொல்ல முடியாது. அதன் வயது ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். சாதாரணக் கல் இல்லை என்பது தெரிந்திருந்தது. அதனால்தான் ஜல்லியாகாமல் தப்பித்தது. ஏற்காட்டில் டிரெக்கிங் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு கல்லைப் பார்த்தால் போட்டோ எடுங்கள், பையில் போடாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால், அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும் சாட்சி போய்விடும்.

கல்லறைக் கதையில் கடைசியாக ஒரு விநோதம். இந்த மலையின் பாறைக்குப் பெயர் சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை 1893-ல் ஆராய்ந்த புவியியலாளர் ஹாலண்ட், அது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை என்று கண்டு, சார்னாக் பெயரையே அதற்கு வைத்தார். பல்லாவரத்துக் கல் கல்கத்தா கல்லறைக்குப் போனது.

பல்லாவரத்தில் கோடரி எடுத்த ஃபூட், 1912 டிசம்பர் 29 அன்று 78 வயதில் இறந்ததும் அதே கல்கத்தாவில். அங்கேயே உடல் எரியூட்டப்பட்டது. சாம்பல் மட்டும் ரயிலோ வண்டியோ ஏறி, தெற்கே இந்த சார்னோகைட் மலைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த முறை ஏற்காடு போனால், ஏரியில் படகு டிக்கெட்டுக்கு வரிசை நீளமாக இருக்கும் நேரத்தில், சர்ச் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம்.