வியட்நாமுக்குத் தனியாகத்தான் போகிறேன்

அன்பு மாணவ மாணவியருக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

செய்தி எப்படியோ பரவிவிட்டது. "டீச்சர் வியட்நாம் போறாங்களாம், அதுவும் தனியாவாம்" என்று ஒருத்தர் விடாமல் போன் செய்து கேட்கிறீர்கள். ஆளுக்கு ஒரு தடவை பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பது நிமிஷ பீரியடுக்குப் பழகிய ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், போகிறேன். 2026 பிப்ரவரி கடைசியில் கிளம்பி மார்ச் 10 வாக்கில் திரும்புவேன். 12 இரவு. தனியாக. வசதியாக. செலவு மூன்றரை லட்சம் வரை ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் என் சொந்தச் சேமிப்பு.

தம்பி சொன்னான்: "அந்தக் காசுக்குக் காசி, கயான்னு ரெண்டு தடவ போய்ட்டு வந்துரலாமேக்கா." மகள் சொன்னாள்: "குரூப் டூர்ல போங்கம்மா, 5 இரவு 6 பகல், சாப்பாட்டோட. பேச்சுத்துணைக்கும் ஆள் இருக்கும்." இரண்டு பேரும் பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் நான் பார்க்க நினைப்பது காசியிலும் இல்லை, 6 பகலிலும் அடங்காது.

முதல் கேள்வி, ஏன் வியட்நாம்?

என்னோடு கொற்கைக்குச் சுற்றுலா வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாண்டியர் துறைமுகம், முத்து ஏற்றுமதி என்று வகுப்பில் விலாவாரியாகச் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே போனால் வயல், வாழை, ஒரு பழைய வன்னிமரம். இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரில் சொல்வார்கள். 1968-69-ல் தொல்லியல் துறை தோண்டி எடுத்ததெல்லாம் அந்த மண்ணுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், கடல் எங்க?" என்று கேட்கும்.

தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. கொற்கை தூர்ந்தது. வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதியது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், பிறகு நம் தூத்துக்குடி. பழைய ஊர்களில் நின்று பார்க்க ஒரு கடைவீதியோ வணிகர் வீடோ மிச்சமில்லை. பிள்ளைகளிடம் நான் காட்டியது முழுவதும் வாய்ப்பேச்சுதான்.

வியட்நாமின் நடுப்பகுதியில் ஹோய் ஆன் என்று ஓர் ஊர். து போன் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் அங்கே குடியேறி வியாபாரம் செய்தார்கள். ஐரோப்பியக் கப்பல்களும் வந்தன. அங்கும் ஆறு மண்ணைக் கொண்டுவந்து போட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல்கள் பக்கத்து டா நாங்குக்குப் போய்விட்டன. நம் கதையேதான். ஒரே வித்தியாசம், ஊர் அப்படியே நின்றது. வியாபாரம் போனதால் பழையதை இடித்துப் பெரிதாகக் கட்ட யாரும் முனையவில்லை. மர வீடுகள், சீனர்களின் சங்க மண்டபங்கள், ஜப்பானியர் கட்டிய கூரைபோட்ட பாலம் எல்லாம் தப்பின. அவர்களுடைய 20,000 டாங் நோட்டில் இருப்பது அந்தப் பாலம்தான். 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கடல் கைவிட்ட ஒரு துறைமுகம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் பாடம் நடத்தியவள், கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டாமா? அதற்காகத்தான் 12 இரவில் 5 இரவை ஹோய் ஆனுக்கே ஒதுக்கியிருக்கிறேன். மாதாமாதம் பௌர்ணமிக்கு முந்தின நாள், அவர்கள் கணக்கில் 14-ஆம் பிறை அன்று, பழைய ஊரில் மின்விளக்கை அணைத்துவிட்டுக் காகித, பட்டு விளக்குகள் ஏற்றுவார்கள். மார்ச் 2 மாலை அது வருகிறது. நமக்கு அது மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள்.

இரண்டாவது, மி சோன். ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் சம்பா அரசர்களின் சிவன் கோயில்கள். 4-ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் பத்ரேசுவரர் என்று லிங்கம் வைத்துத் தொடங்கிய இடம். பெரும்பாலும் செங்கல் கோபுரங்கள். 70-க்கு மேல் இருந்தன. 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் உட்படப் பல நொறுங்கின. மிச்சத்தில் சிலவற்றைச் சீர்செய்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. 2020-ல் அந்த வேலையின்போது 9-ஆம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்று முழுசாக வெளியே வந்தது.

மூன்றாவதுதான் என் ஆசை. தெற்கே ஃபான் ராங். நின் துவான் என்று இருந்த மாகாணம், 2025-ல் பக்கத்து மாகாணத்தோடு இணைத்துவிட்டார்கள். அந்த நாட்டிலேயே மழை குறைந்த இடம். உப்பளம், காற்றாலை, ஆடு மேய்ச்சல். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சம்பா அரசு போனாலும் சாம் மக்கள் போகவில்லை, அங்கே இன்னும் வாழ்கிறார்கள். ஒரு பகுதியினர் இந்து வழிபாட்டில், இன்னொரு பகுதியினர் இஸ்லாம் வழியில். போ க்லோங் கராய் கோயிலில் முகலிங்கத்துக்கு இன்றும் பூசை நடக்கிறது. பக்கத்து ரயில் நிலையத்துக்குப் பெயர் தாப் சாம், அதாவது சாம் கோபுரம்.

நமக்கும் அவர்களுக்கும் இன்னொரு தொடர்பு, எழுத்து. புன்னைக்காயலில் இருந்து தமிழ் படித்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' நூலைக் கொல்லத்தில் தமிழ் அச்செழுத்திலேயே அச்சிட்டார். 1600-ல் இறந்து, தூத்துக்குடியில் அடக்கமானார். அதே இயேசு சபையிலிருந்து ஹோய் ஆன் பக்கம் போன பிரான்சிஸ்கோ டி பினா முதலானவர்கள், வியட்நாம் மொழியை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். அந்த வழியில் அலெக்சாண்டர் டி ரோட்ஸ் தொகுத்த அகராதி 1651-ல் ரோமில் அச்சானது. இன்று அந்த நாடு முழுவதும் எழுதுவது ரோமன் எழுத்தில்தான். தன் எழுத்திலேயே அச்சேறிய மொழிக்காரி நான். எழுத்து மாறிப்போன ஊரில் பழைய கோயில் பலகைகளை இப்போது யார் படிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றையும் மறக்காதீர்கள், அவர்கள் இப்போது நம் ஊருக்கே வந்துவிட்டார்கள். சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டு, 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்தாயிற்று. உங்களில் சிலருடைய பிள்ளைகள் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வந்தவர்களின் ஊரைப் பற்றி நமக்கும் நாலு விஷயம் தெரிந்திருப்பது மரியாதை.

அடுத்த கேள்வி, ஏன் இவ்வளவு செலவு?

நான் காசு கொடுப்பது மூன்று விஷயத்துக்கு. முதலாவது நேரம். 12 இரவுக்கு ஊர் நாலே நாலு: ஹோ சி மின் நகர், ஹோய் ஆன், குயி நோன், ஃபான் ராங். தினமும் பெட்டி கட்டும் வேலை கிடையாது. இரண்டாவது, விஷயம் தெரிந்த ஆள். மி சோனுக்கு ஒரே நாளில் பஸ்ஸில் போய் வந்தால் மலிவு. நான் இரண்டு விடிகாலை தனிக் காரில், சாம் வரலாறு படித்த வழிகாட்டியோடு போகிறேன். அதற்கு முன்னால் டா நாங்கில் 1919-ல் திறந்த சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் அரை நாள். கோயிலிலிருந்து எடுத்துப்போன சிலைகளைப் பார்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்தால்தான் புரியும். மூன்றாவது, முழங்காலுக்கு மரியாதை. ஆற்றைப் பார்த்த சின்ன விடுதி, லிஃப்ட் உள்ளது. டா நாங்கிலிருந்து குயி நோனுக்கு ரயிலில் 12 பேர் மட்டும் உட்காரும் ஒரு சொகுசுப் பெட்டி இருக்கிறது, ஆறு மணி நேரப் பயணம். அது ஒன்றுதான் முழுக்க முழுக்க ஆடம்பரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குயி நோன் பக்கத்தில்தான் 1471-ல் வீழ்ந்த விஜயா என்ற சம்பா தலைநகரம் இருந்தது. அந்தக் கரையோரமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போக வேண்டும்.

"ஹா லாங் பே போகலியா? தங்கப் பாலம் போகலியா?" என்று கேட்கிறீர்கள். போகவில்லை. ஹனோய்கூட இந்தத் தடவை இல்லை. எல்லாவற்றையும் பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரி.

கடைசிக் கேள்வி, ஏன் தனியாக?

இதற்கு மட்டும் நேரான பதில் சொல்கிறேன். 31 வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். ஆதிச்சநல்லூர், மணப்பாடு, கழுகுமலை, தஞ்சாவூர். அத்தனை இடத்திலும் நான் பார்த்தது உங்கள் தலைகளைத்தான். நாற்பத்தாறு இருக்கிறதா, நாற்பத்தஞ்சு இருக்கிறதா? ஒருத்தி வாந்தி, ஒருத்தன் ஐஸ் வண்டிப் பக்கம். கழுகுமலை வெட்டுவான் கோவிலை நான் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. அது என் வேலை, சந்தோஷமாகவே செய்தேன். வீட்டிலும் அப்படித்தான். கல்யாண வீடோ கோயிலோ, யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பதே என் கண்ணில் படும்.

குரூப் டூரில் போனால் நான் மறுபடியும் எண்ண ஆரம்பித்துவிடுவேன். எனக்குத் தெரியும். மகளோடு போனால் அவள் என்னை எண்ணுவாள். மாமா இருந்திருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவர் பாட்டுக்குப் பேப்பரோடு காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார், நான் பாட்டுக்குச் சுற்றுவேன். அவர் இல்லாத இந்த ஆறு வருஷத்தில் "தனியா இருக்கீங்களே" என்று கேட்காதவர் இல்லை. வீட்டில் தனியாக இருப்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டீர்கள். வெளியே தனியாகப் போவதில் மட்டும் என்ன தப்பு?

பயப்படுகிறவர்களுக்காக என் ஏற்பாடுகள். விசா இணையத்திலேயே கிடைக்கும். ஒரு தடவை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். அரசாங்க இணையதளத்தில் மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் தொடங்கினார்கள். அதனால் சென்னைக்கு ஓட வேண்டாம் என்று அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலமும் பார்த்துத்தான் குறித்தேன். நடு வியட்நாமுக்கும் நம்மைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, ஹோய் ஆன் தெருவில் தண்ணீர் ஏறிவிடும். டெட் புத்தாண்டு பிப்ரவரி 17. அந்த வாரம் கடைகள் மூடியிருக்கும், அது முடிந்து போகிறேன். தினமும் இரவு 8 மணிக்கு மகளுக்கு ஒரு போன். பாஸ்போர்ட் நகல், காப்பீட்டுத் தாள், விடுதி முகவரிகள் தம்பியிடம் இருக்கும். ரோட்டைக் கடப்பதுதான் பெரிய வித்தை என்கிறார்கள். வண்டி நிற்காது, நாம் நிதானமாக நடந்துகொண்டே இருந்தால் அவர்கள் விலகிப் போவார்களாம். வி.ஈ. ரோட்டைக் கடந்தவர்களுக்கு இதெல்லாம் பயிற்சி எடுத்த பாடம்.

சாப்பாட்டுக் கவலையும் வேண்டாம். அவர்கள் எல்லாவற்றிலும் ஊற்றும் நுவாக் மாம், நெத்திலியையும் உப்பையும் மாசக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு. நெத்திலியும் உப்பும் நமக்குப் புதிதா? சைவம் வேண்டும் என்றால் "சாய்" என்ற பலகை வைத்த கடைகள் உண்டு. ஹோ சி மின் நகரில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, செட்டியார்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. நான் ஒன்றும் அங்கே போகும் முதல் ஆள் இல்லை. நம்மவர்கள் வட்டிக்கடைக் கணக்கோடு போன ஊர்தான்.

மொழியில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்துப்போனது. வியட்நாமில் "நீங்கள்" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊர் அக்கா, தம்பி மாதிரி. அதில் "கோ" என்ற சொல்லுக்கு அத்தை என்றும் பொருள், டீச்சர் என்றும் பொருள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் என்னை அத்தை என்பவர்கள், பாதிப்பேர் டீச்சர் என்பவர்கள். அங்கே இரண்டுக்கும் ஒரே சொல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டு, காப்பித்தூள், முத்துமாலை வாங்கி வரச் சொல்லி யாரும் பட்டியல் அனுப்ப வேண்டாம். பெட்டி 7 கிலோதான். முத்துக்கு நம் கடலே பெயர் பெற்றது, 1961-க்குப் பிறகு குளிப்பு நடக்கவில்லை என்றாலும் பெருமையை விட்டுக்கொடுக்க முடியாது. அதற்குப் பதில் உங்களுக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்றால் கேள்வியாக அனுப்புங்கள். நோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன், விசாரித்துவிட்டு வந்து பதில் எழுதுகிறேன். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொற்கைக்கு வாருங்கள். ஹோய் ஆன் படங்களை வைத்துக்கொண்டு அந்த வன்னிமரத்தடியில் ஒரு பீரியடு எடுக்கிறேன். அன்றைக்குத் தலை எண்ணுவது உங்கள் பொறுப்பு.

எல்லாரும் நல்லாயிருங்கள்.