ஆடின தட்டு

பத்து வருஷங்களாக இசைத்தட்டுகள் சேர்க்கிறேன். இதை நண்பர்களிடம் சொல்வதில் எனக்குச் சங்கடம் இருந்ததில்லை. சிறுவயதில் ரிக்கார்டு டான்ஸ் பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்வதில்தான் இருந்தது. இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள் என்பது போன வருஷம் வரை எனக்குப் படவில்லை.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் ஏழங்குலத் தட்டுகள். நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவை. அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டுகளும் கொஞ்சம் உண்டு. கிட்டப்பா, சுந்தராம்பாள், ராஜரத்தினம் பிள்ளை. ஆனால் அவை ஒரு மரியாதைக்காக வைத்திருப்பவை. அவற்றைச் சேர்ப்பவர்கள் வேறு ரகம், வி.ஏ.கே. ரங்காராவைப் போல ஆயுளையே அதற்குக் கொடுத்தவர்கள். என் பசி வேறு. ஓடாத படத்தின் தட்டு, அதில் யாரும் கவனிக்காத மூன்றாவது பாட்டு, அந்தப் பாட்டுக்கு நடுவில் இருபது விநாடி தனியாக நடந்துபோகும் ஒரு பாஸ் கிதார். இதற்காக மூர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன். (பழைய மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோயிற்று, நான் போனது பெயரை மட்டும் சுமந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்கு.) நெய்வேலியில் ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களின் வாசலிலும் நின்றிருக்கிறேன். முப்பது வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் ஊருக்கு லாரி ஏற்றும்போது கட்டிலையும் பீரோவையும் எடுத்துக்கொள்வார். ரிக்கார்டு பிளேயரை விட்டுவிடுவார். கிளைக்கு வந்து கணக்கை மாற்றித் தரச் சொல்கிறவர்களிடம், வேலை முடிந்த கையோடு, "சார், தட்டு ஏதும் இருக்கா?" என்று கேட்பதுண்டு. மானேஜருக்கு இது பிடிக்காது.

அபூர்வம் என்பதுதான் என் அளவுகோலாக இருந்தது. சிறுபத்திரிகைக்காரனுக்கு இந்த வியாதி சுலபத்தில் தொற்றும். முந்நூறு பிரதி அச்சடித்து, அதில் இருநூறு கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு, விற்காமல் போனது என்பதே ஒரு தகுதியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. க.நா.சு. பட்டியல் போட்டார் என்று ஐம்பது வருஷமாகக் குறை சொல்கிறோம். நான் ரகசியமாக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் ஒரு வரிகூட ஜனங்கள் கேட்ட பாட்டு இல்லை.

இந்த நோயின் பூரண வடிவத்தைப் பிறகு இங்கிலாந்தைப் பற்றிப் படித்தபோது கண்டேன். வட இங்கிலாந்தில் விகன் என்று ஒரு நிலக்கரி ஊர். அங்கே காசினோ என்ற பழைய நடனக்கூடத்தில் 1973 செப்டம்பரிலிருந்து 1981 டிசம்பர் வரை சனிக்கிழமை நள்ளிரவுக்குமேல் தொடங்கி ஞாயிறு காலை எட்டு மணி வரை ஆடினார்கள். மது விற்பனை கிடையாது. மரத்தரையில் கால் வழுக்கிச் சுழலுவதற்காக முகப்பவுடரைத் தூவிக்கொள்வார்கள். ஆடினவர்கள் பெரும்பாலும் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பையன்கள். ஆடின பாட்டோ அமெரிக்கக் கறுப்பர்களுடையது, அதுவும் அறுபதுகளில் அமெரிக்காவிலேயே விலைபோகாமல் விழுந்த பாட்டு. டெட்ராயிட்டில் தோற்றது விகனில் ஜெயித்தது. தட்டுப் போடுகிறவர்கள் தங்களுக்குக் கிடைத்ததைப் போட்டியாளன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று லேபிளின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, வேறு பெயரைச் சொல்லிப் போடுவார்களாம். பிராங்க் வில்சன் என்பவர் 1965ல் பாடிய ஒரு தட்டு, வெளியாகும் முன்பே கம்பெனியால் கைவிடப்பட்டு அழிக்கப்பட்டது; தப்பித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒரு பிரதி 2009ல் இருபத்தையாயிரம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. பழசையே சுற்றிச் சுற்றி ஆடுவதா, எழுபதுகளின் புதுத் தட்டுகளையும் சேர்த்துக்கொள்வதா என்று அவர்களுக்குள் பெரிய பிளவு வந்து, விகன் ஒரு கட்சி, பிளாக்பூல் ஒரு கட்சி என்று நின்றார்களாம். மணிக்கொடி, எழுத்து என்று வளர்ந்த நமக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரியாது.

அதைப் படித்த அன்று எனக்கு உண்டானது சந்தோஷம் அல்ல, ஒருவிதப் பொறாமை. அந்தப் பையன்கள் தட்டைச் சேர்த்தார்கள், ஆனால் அதற்கு ஆடினார்கள். என் தட்டுக்கு யாரும் ஆடியதில்லை. நானும் ஆடியதில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

ஆனால் நம் பக்கம் தட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். பெயரிலேயே தட்டு இருக்கிறது. எங்கள் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் ஆடி மாசம் செடல் திருவிழாவில், சாமி ஊர்வலம் முடிந்த இரவு, ஒன்று தெருக்கூத்து, இல்லாவிட்டால் ரிக்கார்டு டான்ஸ். என் ஞாபகத்தில் கூத்து குறைந்து டான்ஸ் கூடிக்கொண்டிருந்த காலம். அப்போது தட்டு போய் கேசட் வந்துவிட்டது. இருந்தும் பெயர் மாறவில்லை. எனக்குப் பத்து வயது. அம்மாவிடம் கூத்து என்று சொல்லிவிட்டுப் போனேன். மேடைக்குப் பின்னால் வேனுக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவே ஒரு புடவையைக் கட்டி மறைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில், ஜிகினாப் பாவாடையும் முகம் நிறைய ரோஸ் பவுடருமாக ஒரு பெண் குந்தியபடி டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "தூக்கம் வரலயா கண்ணு?" என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து அவளே மேடையில் ஆடினாள், ஜனம் கத்தியது. நான் ஓடிவந்துவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கூத்தைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். முத்துசாமி எழுதினார், 1977ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார், புரிசைக்குப் போனார். அதில் எனக்குக் குறைவான மரியாதை இல்லை. ஆனால் அதே மந்தையில் அடுத்த இரவு நடந்ததைப் பற்றி ஒரு வாக்கியம் யாரும் எழுதவில்லை. எழுதியவர்கள் போலீஸ்காரர்களும் வக்கீல்களும்தான். இன்று அதற்கு 'ஆடலும் பாடலும்' என்று கௌரவமான பெயர். திருவிழாப் பருவம் வந்தால் அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுக்கள் குவியும். ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகளோடு உத்தரவு வரும். ரிக்கார்டு டான்ஸைப் பற்றித் தமிழில் இருக்கும் விமர்சன இலக்கியம் இவ்வளவுதான். அந்த மேடையில் பெண்கள் பட்ட சிறுமை கொஞ்சமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிறுமையைச் சொல்லித்தான் நாம் ஒதுங்கினோமா, அல்லது அந்த ஜனங்களோடு சேர்ந்து நிற்கக் கூச்சப்பட்டோமா?

போன வருஷத்து விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பெரியவர் ஒருவர். அப்பாவுக்குச் சிநேகிதர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலத்தில் காது குத்திலிருந்து ஆற்றுத் திருவிழா வரைக்கும் நாலு மைல் சுற்றளவில் அவருடைய கூம்பு கட்டாத பந்தல் இல்லை. நகைக்கடன் வட்டி கட்ட வந்தவர், "தம்பி, நீ பழைய தட்டுலாம் வாங்குறியாமே, என்கிட்ட பொட்டி பொட்டியா கெடக்குது, வந்து பாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை போனேன். ஐந்து மரப்பெட்டிகள். 2011 டிசம்பரில் தானே புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போன இரவில், நனைந்த நெல்லை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் கட்டிலுக்கு அடியில் தள்ளினாராம்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கீறல் இல்லாததையெல்லாம் ஒரு பக்கம் வைத்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. அவ்வளவும் ஓடாத படங்கள். அதனால்தான் கீறல் இல்லை. மீதியில் கறுப்பே போய்ச் சாம்பல் பூத்திருந்தது. வயல்வெளியில் மேடை அதிரும்போது முள் குதிக்காமல் இருக்க, பிக்அப் தலையில் நாலணாவை வைத்து ஓட்டியிருக்கிறார்; தேயாமல் என்ன செய்யும்? போதாததற்கு லேபிளின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுத்து வேறு. 'ஆ', 'ஜோ', '2 தடவ', 'வாத்தி', 'ம.மே.'. லேபிளில் எழுதியிருந்தால் சேகரிப்பவர்களிடையே மதிப்பு பாதி. நாற்பத்தொன்றுக்கு ஒரு விலை சொன்னேன். அவருக்கு அது அதிகமாகத் தெரிந்தது. எனக்கு அது எவ்வளவு குறைவு என்று தெரியும். வங்கியில் ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூட உரசிப் பார்த்துத் தராசில் வைக்க வேண்டும் என்கிற சட்டம் இருக்கிறது. இதற்கு இல்லை.

மீதியைக் காட்டி, "அது வேணாமா?" என்றார்.

"தேஞ்சிட்டுது மாமா."

"தேயாம? அதெல்லாம் ஆடின தட்டு தம்பி" என்றார். குரலில் வருத்தமில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரிவிக்கிற குரல்தான்.

இது உறைக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. உறைத்ததும் தானாக அல்ல. மான்செஸ்டரில் இருக்கும் பைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற தட்டுக் கம்பெனி, இளையராஜாவின் 1977-83 காலத்துப் பாட்டுகளைத் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்று வெளியிட்டிருக்கிறது. அதைத் தருவித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். விகனிலிருந்து கூப்பிடு தூரம் மான்செஸ்டர். நமக்குத் தாளம் இருக்கிறது, அதற்கு ஆடலாம் என்பதை அங்கிருந்து ஒருவன் தொகுத்து அனுப்புகிறான். நான் அதைக் காசு கொடுத்து வாங்கி ஆமோதிக்கிறேன். அப்போது அந்த 'ஆ' ஞாபகத்துக்கு வந்தது. 'ஆ' என்றால் ஆட்டம். வேறென்னவாக இருக்க முடியும்? ஒரு மனிதன் பதினைந்து வருஷம் ஒவ்வொரு இரவும் ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்து, எது ஆடும் எது ஆடாது என்று தட்டிலேயே குறித்து வைத்திருக்கிறான். அதைவிட நேரான விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை. அதை நான் அழுக்கு என்று கழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாளே போனேன். பெட்டிகள் இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பையன் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போனானாம், தட்டில் கடிகாரம் செய்து விற்கிறவன். தேய்ந்திருந்தாலும் அவனுக்குப் பரவாயில்லை. நடுவில் துளை இருந்தால் போதும். "நீதான் வேணாம்னுட்டியே" என்றார் மாமா.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு திண்ணையில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். 'ஜோ' என்பது ஜோடி ஆட்டம். 'வாத்தி' என்பது எம்.ஜி.ஆர். வேஷக்காரன் வரும் இடம். பாட்டுக்கு முன்னால் பத்து விநாடி மௌனம் விட வேண்டும், விசில் அடங்க. 'ம.மே.' என்றால் மணி இரண்டுக்கு மேல். பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு. அப்படி எழுதியவை மொத்தம் நாலோ ஐந்தோதான் என்றார். ஜெனரேட்டர் தளர்ந்தால் தட்டு மெதுவாகிப் பாட்டு ஒரு கட்டை இறங்கும். திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒருத்தி மட்டும் அந்த இறக்கத்துக்கும் சேர்த்து ஆடுவாள். வேண்டுமென்றே செய்வதுபோல இருக்குமாம். "மத்ததுங்க நின்னுடும், என்னைப் பாக்கும். அவ பாக்கமாட்டா" என்றார். அவள் பெயரைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார், வரவில்லை.

பதினேழு பாட்டு எழுதியிருந்தேன். அதற்குள் மகன் உள்ளேயிருந்து கூப்பிட்டான். திருமண மண்டபத்தில் ஏதோ ஆம்ப்ளிஃபயர் இரைகிறதாம், இவர் வந்து தொட்டால்தான் அடங்குமாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "மீதிய அப்பறம் சொல்றன்" என்றவர், படி இறங்கிவிட்டுத் திரும்பி, "அந்த நாப்பத்தியொண்ணுல ஒண்ணு இருக்குது பாரு, பச்சை லேபிளு, நான் ஒரே ஒருக்கா போட்டன், யாரும் ஆடல. அது நல்ல பாட்டா தம்பி?" என்று கேட்டார்.

நல்ல பாட்டுதான் என்றேன்.