ஒரு மட்டை, இரண்டு பிடி

முதல் நாள்: கைகளின் வேலை

ஹாக்கி மட்டையைப் பிடிக்கும் இரண்டு கைகளுக்கும் வேலை ஒன்றல்ல. இடது கை மட்டையின் உச்சியை இறுகப் பற்றியிருக்கும். மட்டையைத் திருப்புவது அந்தக் கைதான். வலது கை ஒரு சாண் தள்ளிக் கீழே இருக்கும். மட்டை திரும்பும்போது இறுக்காமல், வளையல் போலச் சுற்றி நின்று தாங்கிக்கொள்ளும். தட்டையான பக்கத்தாலும் விளிம்பாலும் மட்டுமே பந்தைத் தொடலாம், மட்டையின் முதுகு படக்கூடாது என்பது ஆட்ட விதி. ஆகவே பந்தை இடவலமாகத் தட்டிக்கொண்டு ஓடுபவர் ஒவ்வொரு தட்டுக்கும் மட்டையை அரைவட்டம் புரட்ட வேண்டும்.

கைப்பிடியில் சுற்றும் கிரிப்பின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேல்பகுதி வழுக்கினால் மட்டை புரளாது, கை மட்டும் புரளும். கீழ்ப்பகுதி ஒட்டினால் மட்டை சுழலும்போது வலது உள்ளங்கையின் தோலும் சேர்ந்து இழுபடும். கடையில் விற்கும் கிரிப்போ மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையுடையது.

இந்தக் குறிப்பில் வரும் மட்டை, திருவொற்றியூரில் மண் மைதானத்திலும் வாய்ப்புக் கிடைக்கும்போது எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கின் செயற்கைத் தரையிலும் ஆடும் ஒரு நடுக்கள ஆட்டக்காரருடையது. நீளம் 36.5 அங்குலம். கார்பன் இழையும் கண்ணாடி இழையும் கலந்த வார்ப்பு. கிரிப் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்துவிட்டது. காலை ஆறரை மணிக்கே கடற்காற்றில் உடம்பு கசகசக்கும் ஊரில், ஆடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் இடது கை வழுக்குகிறது.

இரண்டாம் நாள்: உரித்தல்

கிரிப்பின் கீழ் முனையைக் கட்டியிருந்த இன்சுலேஷன் டேப்பை நகத்தால் கிளப்பி எடுப்பது முதல் வேலை. பிளேடு போடக்கூடாது. அது ஆழமாக இறங்கினால் அடியில் உள்ள இழை அறுபடும்; அறுபட்ட கார்பன் இழை சிலாம்பாகக் கையில் ஏறும்.

பழைய கிரிப் ஒரே பட்டையாக வரவில்லை. ஊறிய அப்பளம்போலப் பிய்ந்து பிய்ந்து வந்தது. அது பாலியூரித்தேன்; ஈரத்தால் சிதையும் பொருள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை நீர் அறுக்கிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு உதிரும். பெட்டியில் பல வருடம் கிடந்த ஷூவின் அடிப்பாகம் போட்டு நடந்த அன்றே உதிர்ந்துபோவதும் இதனால்தான். உலர்ந்த ஊரைவிடக் கடலோரத்தில் இந்தச் சிதைவு சீக்கிரம் வந்துவிடும்.

மட்டையில் தங்கிய பசையைக் கட்டைவிரலால் தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். மீதிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் எண்ணெய் போகும்வரை துடைக்க வேண்டும். தின்னர் ஊற்றினால் வேலை விரைவாக முடியும். மட்டையின் மேல்பூச்சும் கூடவே போய்விடும்.

உரித்த மட்டை கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது. பழைய மரமட்டை இப்படி இருந்ததில்லை. ஜலந்தரிலும் சியால்கோட்டிலும் செய்த அந்த மட்டைகளில் முசுக்கொட்டை மரத் தலையில் பிரம்புக் கைப்பிடியைச் செருகி ஒட்டி, இணைப்பு விடாமலிருக்க நூலை நெருக்கமாகச் சுற்றுவார்கள். நூல் போட்டது உறுதிக்காக. சொரசொரப்பு இனாமாகக் கிடைத்தது. வார்ப்பு மட்டைக்கு இணைப்பு கிடையாது, ஆகவே நூலும் கிடையாது. அன்று தானாகக் கிடைத்ததை இன்று தேடிச் செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள்: பொருள்

சுற்றுவதற்கு நாலு வகைப் பொருள்கள் உண்டு.

டவல் கிரிப் பருத்தித் துவாலைத் துணியால் ஆனது. வேர்வையை உறிஞ்சும், நனைந்தாலும் பிடி விடாது. ஆனால் நனைந்தால் கனக்கும், தடிமனும் அதிகம்.

பாலியூரித்தேன் கிரிப் மெல்லியது. புதிதில் லேசாக ஒட்டும். துளையிட்டதாக இருந்தால் வேர்வை துளைக்குள் இறங்கும். தூசி அடைத்துக்கொண்டால் அந்த ஒட்டும் குணம் போய்விடும். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய பகுதியில் தூசிக்குக் குறைவில்லை.

ஷாமி என்பது எண்ணெயில் பதனிட்ட மெல்லிய தோல். நனைந்தபின் பிடி கூடுவது அதன் தனிக்குணம். இன்று ஷாமி என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் செயற்கைப் பொருளே. அசல் தோல் வேண்டுமென்றால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் விசாரிக்கலாம்.

நாலாவது ரப்பர். ரப்பருக்குத் திருவொற்றியூர் தொலைவான ஊர் அல்ல; எம்.ஆர்.எஃப். 1946இல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்துதான் தொழிலைத் தொடங்கியது. கிழிந்த சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிக் கைப்பிடிகளில் சுற்றுவதும் வழக்கம்தான். உலர்ந்த கைக்கு ரப்பரைப்போலப் பிடிக்கும் பொருள் குறைவு. வேர்வை படலமாகப் படிந்துவிட்டால் அதே ரப்பர் வழுக்கும். அது நீரை உறிஞ்சுவதில்லை, ஒதுக்குவதற்கு டயரில் உள்ளதுபோல் பள்ளங்களும் இல்லை.

கையில் லேசான ஈரம் இருந்தால் பிடி கூடும், ஈரம் மிஞ்சினால் குறையும். நோட்டு எண்ணுபவர் விரலை நனைத்துக்கொள்வது முன்னதற்குச் சான்று, தண்ணீர் சொட்டும் கை பின்னதற்கு. கிரிப்பின் கடமை, கையை அந்த லேசான ஈரத்திலேயே நிறுத்திவைப்பது.

நான்காம் நாள்: நூல்

மேல்பகுதிக்குச் சொரசொரப்புத் தர எளிய வழி, கிரிப்புக்கு அடியில் நூல் சுற்றுவது. காசிமேட்டில் வலை பழுதுபார்க்கப் பயன்படும் முறுக்கு நைலான் நூல் இதற்குப் பொருத்தம். உப்புத் தண்ணீருக்கு மக்காது, நனைந்தாலும் அதிகம் உப்பாது. தடிமன் 1.5 மில்லிமீட்டர் போதும். 3 மில்லிமீட்டர் நூல் பார்வைக்கு உறுதியாகத் தெரியும்; ஒரே வாரத்தில் விரல் இடுக்கில் கொப்புளம் தந்துவிடும்.

சுற்ற வேண்டிய நீளம் உச்சியிலிருந்து 15 சென்டிமீட்டர் மட்டுமே. இடது கை நிற்கும் இடம் அவ்வளவுதான். சுற்றுக்குச் சுற்று ஒரு விரல் அகலம், அதாவது 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் பத்துச் சுற்று வரும். கைப்பிடியின் குறுக்களவு சுமார் 30 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 94. ஒரு மீட்டருக்குச் சற்று மேலாக நூல் இருந்தால் வேலை முடியும். இரு முனைகளையும் முடிச்சுப் போடாமல் டேப்பால் அழுத்தி ஒட்ட வேண்டும். முடிச்சு கையை உறுத்தும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வளையம் வளையமாகச் செல்லும் நூல், மட்டை கையிலிருந்து நழுவி வெளியேறுவதைத்தான் தடுக்கும். கைக்குள் மட்டை உருளுவதை அது அவ்வளவாகத் தடுக்காது. உருளாமல் காப்பது கைப்பிடியின் நீள்வட்ட வடிவம். அதற்குத் துணையாக, மட்டையின் முதுகுப்பக்கம் நீளவாக்கில் ஒரு நூலை ஒட்டி, அதன் மேல் வளையச் சுற்றைப் போடலாம். அந்த ஒற்றை இழைக்கு இன்னொரு பயனும் உண்டு. தட்டையான முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை, குனிந்து பார்க்காமலே உள்ளங்கை அறிந்துகொள்ளும்.

ஐந்தாம் நாள்: சுற்று

நூலின் மேல் துளையிட்ட மெல்லிய பாலியூரித்தேன் பட்டை. டவல் கிரிப் போட்டால் நூலின் மேடு பஞ்சுக்குள் புதைந்துவிடும். டவல் விரும்புபவருக்கு நூல் தேவையில்லை.

பட்டையை உச்சியில் ஒட்டி, ஒரு கையால் மட்டையைத் தொடைமேல் வைத்து உருட்டிக்கொண்டே, மறு கையால் பட்டையைச் சீராக இழுத்துப் பிடிக்க வேண்டும். பட்டையை நகர்த்தி மட்டையைச் சுற்றிவருவதைவிட மட்டையை உருட்டுவதே சுளுவு, இழுவை மாறாது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் 2, 3 மில்லிமீட்டர் ஏறினால் போதும். பாதிக்குப் பாதி ஏற்றினால் எங்கும் இரண்டு அடுக்காகிவிடும். அரை மில்லிமீட்டர்ப் பட்டைகூட அப்போது குறுக்களவை 2 மில்லிமீட்டர் கூட்டும். சிறிய கைக்கு அது பெரிய வேறுபாடு.

நூல் முடிந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டையைச் சரிவாக வெட்டி முடித்தாயிற்று. அதற்குக் கீழே, வலது கை உலவும் இடத்தில், பருத்தி டேப் ஒரே அடுக்கு. அது வேர்வையை உறிஞ்சும், ஆனால் ஒட்டாது. கை அதன்மேல் வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போகும். இரண்டு பொருள்களும் சந்திக்கும் இடம் இரு கைகளுக்கும் நடுவே விழ வேண்டும்; எந்தக் கைக்கு அடியிலும் வரக்கூடாது.

ஆறாம் நாள்: வளையம்

மேல்சுற்றுகளையும் சேர்த்து, மட்டை 51 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள வளையத்துக்குள் புக வேண்டும். மொத்த எடை 737 கிராமைத் தாண்டக்கூடாது. கூரான பகுதியோ முரட்டுப் பகுதியோ எங்கும் இருக்கக்கூடாது. இவை பன்னாட்டு ஹாக்கி விதிகள். டேப் சுற்றத் தடையில்லை. ஆணியும் ஸ்டேபிளரும் இந்த வேலைக்கு ஆகாது.

வடசென்னையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒரு துண்டு இரும்பில் 51 மில்லிமீட்டருக்குத் துளை கடைந்து வாங்கிவிடலாம். இரண்டங்குலப் பைப் துண்டு கிடக்கிறதே என்று அதை வைத்துச் சோதிப்பது தவறு. இரண்டங்குலம் என்று விற்கும் ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் சுமார் 53 மில்லிமீட்டர் இருக்கும். அதில் புகும் மட்டை மைதானத்தில் தோற்கலாம்.

இந்த மட்டையின் கைப்பிடி, நூலும் பட்டையும் சேர்ந்தும், 36 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கிரிப்புக்கு வளையம் எல்லையாவது அரிது. கையின் அளவே முதலில் எல்லையாகும்.

ஏழாம் நாள்: மைதானம்

இரு கைகளையும் வாளித் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, நின்ற இடத்திலேயே பந்தை ஐம்பது முறை இடவலமாகத் தட்டுவது முதல் சோதனை. இடது கை இடம் மாறியிருந்தால் மேல்பகுதியில் சொரசொரப்புப் போதவில்லை. வலது உள்ளங்கை சிவந்திருந்தால் கீழ்ப்பகுதியில் அது மிகுதி. இந்த மட்டை இரண்டிலும் தேறியது.

எல்லா ஆட்டக்காரருக்கும் இதே பங்கீடு பொருந்தாது. பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து எறிபவருக்கு வலது கையும் இறுகப் பற்றவேண்டும். அவருக்குக் கீழ்ப்பகுதியிலும் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். கோல்கீப்பர் மட்டையை வலது கையில் மட்டுமே பிடிப்பதால், அவருக்கு முழுச் சொரசொரப்பும் அந்தக் கை நிற்கும் இடத்தில்தான்.

தரையும் பங்கீட்டை மாற்றுகிறது. ஒலிம்பிக் ஹாக்கி 1976இல் மான்ட்ரியலில் செயற்கைத் தரைக்கு மாறியது. வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்றதும் அத்தகைய தரையில்தான். அந்தத் தரையில் பந்து வேகமாகவும் தாழ்வாகவும் வரும். ஆட்டக்காரர் குனிந்து, வலது கையை மேலும் கீழே இறக்கிப் பிடிக்கிறார். ஆகவே பருத்தி டேப்பை மண் மைதானத்துக்குச் சுற்றுவதைவிட நாலு விரற்கடை நீட்டிச் சுற்றுவது நல்லது. நீர் தெளித்த தரையில் மட்டையும் கையும் நனையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பதினைந்தாம் நாள்: உப்பு

மேல்பட்டையில் வெள்ளைப் பூப்பூத்திருந்தது. வேர்வை உலர்ந்து நின்ற உப்பு. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்விடுவதுபோல, இரவு முழுவதும் பையில் கிடந்த மட்டை காலையில் எடுக்கும்போதே ஈரமாக இருக்கும். கடற்காற்றில் வரும் உப்பும் இதோடு சேர்கிறது. ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கிரிப்பைத் துடைத்து, நிழலில் சாய்த்துவைத்தால் இது வராது. வெயிலில் போட்டால் பாலியூரித்தேன் விறைத்து வெடிக்கும்.

நாற்பதாம் நாள்: மழை

ஐப்பசி அடைமழையில் மைதானம் குளமானது. மட்டை ஒரு வாரம் பையிலேயே இருந்தது. மேல்பட்டைக்குச் சேதமில்லை. பருத்தி டேப்பில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. அதை மட்டும் உரித்துப் புதிதாகச் சுற்ற பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிடியை இரண்டாகப் பிரித்ததன் எதிர்பாராத லாபம் இது: கெட்ட பாதியை மாற்றினால் போதும், நல்ல பாதி தப்பித்தது.

ஆக மொத்தம் செலவு ஒரு கிரிப், ஒரு சுருள் பருத்தி டேப், ஒரு மீட்டர் சொச்சம் வலைநூல். புது மட்டை வாங்கும் முன் இதைச் செய்துபார்க்கலாம். வழுக்கியது பெரும்பாலும் மட்டையாக இருக்காது.